வலிக்காத கடி

"நான் அவருக்கு விஷம் வைக்கலீங்க. ஆனா அவர் கடைசியாக் குடிச்சது என் ஃபிளாஸ்க் காப்பிதான்."

வந்து உட்கார்ந்த கையோடு அந்த அம்மாள் இப்படிச் சொன்னதும், மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கேஸ் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். காலை பத்தே முக்கால் வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

மேடம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்டவர்களைப் பிடித்துக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆளைச் சந்தேகப்படும் பழக்கம் விடவில்லை, அதனால் துப்பறியும் அலுவலகம் வைத்துக்கொண்டார். நான் ஒன்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வாய் ஓயாததால் என்னைச் சைரன் என்பார்கள். மேடம் மாடியில் தனியாக இருக்கிறார், நான் அலுவலகத்தின் பின்னறையில் தனியாக இருக்கிறேன். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றால், முகவரி தவறி வந்திருக்கிறார் என்று பொருள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. அலங்கார மீன் மொத்த வியாபாரம் செய்யும் கடையில் பேக்கிங் வேலை. பிளாஸ்டிக் பையில் மீனையும் தண்ணீரையும் காற்றையும் அடைத்து ரப்பர் பேண்ட் போடுபவர். கடையில் எல்லோருக்கும் அவர் பேக்கிங் அக்கா. கூட வேலை செய்பவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிற மனிதர், அவருக்குத் தண்ணிக்காரர் என்று பெயர்.

"பேரைக் கேட்டுத் தப்பா நினைக்காதீங்க. ஒரு சொட்டு தொட மாட்டார்," என்றார் அக்கா.

"எங்க டிபார்ட்மென்ட்ல நேர்மாறு மேடம். 'மோர்'னு ஒருத்தரைக் கூப்பிடுவோம், அவர் தொட்டதெல்லாம்..."

"சைரன், வாயை மூடு," என்றார் மேடம். மூடினேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிஷம் கழித்து அவர் உதட்டைத் தடவிக்கொண்டே வந்து, "உதடு மரத்துப்போச்சு. காப்பியில என்னத்தைக் கலந்தீங்க?" என்று சிரித்திருக்கிறார். அதை முதலாளி காதில் வாங்கியிருக்கிறார். இன்னும் பத்து நிமிஷத்தில் தண்ணிக்காரர் தொட்டி வரிசைக்குப் பின்னால் தரையில் கிடந்தார். வலது கை ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

"அதோட முடிஞ்சுது என் கதை," என்றார் அக்கா. "நான்தான் விஷம் வச்சேன்னு முதலாளி போலீஸ்ல சொல்லிட்டார். ஃபிளாஸ்க்கை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்."

"இப்ப அவர் எங்க?"

"ஆஸ்பத்திரியில, மெஷின் மூச்சுல. கண்மணி அசையலையாம். மூளை போயிருக்கும்னு டாக்டர் சொல்றார். பதினாறு வருஷமா எட்டிப் பார்க்காத அண்ணன் ராத்திரியே வந்துட்டார். இன்னிக்கு ஒரு மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டா மெஷினை எடுத்துடுவாங்க." அக்காவின் குரல் அங்கே உடைந்தது. "நான் ஜெயிலுக்குப் போறது கிடக்கட்டும். அந்த மெஷினை எடுக்க வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இல்லீங்க. நான் அவருக்கு யாரு?"

மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்துல வந்துச்சு?"

"பதினாலு நிமிஷம்."

நான் நிமிர்ந்தேன். "பதினாலு நிமிஷம் மூச்சில்லாம இருந்தவரை மெஷின்ல வைக்க மாட்டாங்களே மேடம். நேரா வேற அறைக்குத்தான் கொண்டுபோவாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாயில வாய் வச்சு ஊதினேன். முன்னாடி வேலை பார்த்த ஃபேக்டரியில சொல்லிக் குடுத்திருந்தாங்க. முதலாளி பார்த்துட்டு, இந்த வயசுல என்ன கூத்துன்னு கேட்டார்."

எனக்கு மூச்சு நின்றால் பதினாலு நிமிஷம் ஊத யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. மேடத்தைப் பார்த்தேன். அவர் ஊதுவார் என்று தோன்றவில்லை, ஏன் மூச்சு நின்றது என்று என்னிடமே விசாரிப்பார்.

"விஷம் வச்சவ பதினாலு நிமிஷம் மூச்சு ஊத மாட்டா," என்று எழுந்தார் மேடம். "அவர்கிட்ட வேற ஏதாவது வித்தியாசமாப் பார்த்தீங்களா?"

அக்கா கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். நீல நிற ரப்பர் கையுறை. ஒற்றை.

"இடது கையில மாட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில நான்தான் கழட்டினேன். குப்பையில போட மனசு வரல."

மேடம் அதைத் தொடவில்லை. "இன்னொண்ணு எங்க?"

அக்காவுக்குத் தெரியவில்லை. மணி பதினொன்று ஐந்து.

மீன் கடை இரண்டு தெரு தள்ளித்தான். மேடம் வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் ஈரமும் உப்பு வாடையும் முகத்தில் அடித்தன. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் காற்றுக் குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின, ஒன்றுகூடப் பேசவில்லை. வருஷக்கணக்கில் இதற்குள் தனியாக நின்று தண்ணீர் மாற்றுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் ஒரு மணி நேரம் தாங்காது.

முதலாளி பெருத்த உடம்பும் சிறுத்த மனசுமாக வந்தார். "அந்தப் பொம்பளை அனுப்பினாளா? என் கடையில விஷ மீனே கிடையாது. வேணும்னா ஆர்டர் லிஸ்ட்டைப் பாருங்க. சிங்கமீன் கிடையாது, கல்மீன் கிடையாது, திருக்கை கிடையாது."

"நேத்து என்ன வந்துச்சு?" என்றார் மேடம்.

"உயிருள்ள பவளமும் கடல்பாறைத் துண்டும். நாலு தெர்மாகோல் பெட்டி. அவன்தான் பிரிச்சான்."

தண்ணிக்காரர் விழுந்த இடத்தைக் காட்டினார். வாளி அங்கேயே இருந்தது, தண்ணீர் ஆறியிருந்தது. பக்கத்தில் மின்சாரக் கெட்டில். அதற்கு மேலே சுவரில், முதலாளியின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'எது கொட்டினாலும் கையை வெந்நீரில் வைக்கவும்.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் சார் இந்த வைத்தியர்?"

"நான்தான். முப்பது வருஷ அனுபவம்."

"அனுபவம் பாதிதான் சரி. சிங்கமீன், கல்மீன், திருக்கை, இதுங்க முள்ளு குத்தினா வெந்நீர் நல்ல வைத்தியம். அதுவும் கை தாங்குற சூடுதான், வெந்துபோற சூடு இல்ல. ஜெல்லி மீன் பட்டா வேற கணக்கு. எந்த ஜெல்லின்னு பார்க்கணும், சிலதுக்கு வினிகர் ஊத்தணும், எதுக்குமே மணலை அள்ளித் தேய்க்கக் கூடாது. ஆனா கடல் பாம்பு மாதிரி கடிக்கிற ஜாதின்னா வெந்நீரால ஒரு பிரயோஜனமும் இல்ல. விரல்லேருந்து தோள் வரைக்கும் துணியை இறுக்கமாச் சுத்தி, கையை ஆட்டாம வச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மூச்சு நின்னா ஊதிக்கிட்டே ஓடணும். ட்ரெயினிங்ல இதைத்தான் தலையில அடிச்சு அடிச்சுச் சொல்லுவாங்க."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் மரியாதை தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தெரியும்.

"அப்ப அவர் கையை வெந்நீர்ல வச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"ஏதோ கொட்டிச்சுன்னு அவருக்கே தெரியும்."

"கொட்டினா வலிக்குமே?"

"வலியா? கல்மீன் முள்ளு குத்தின ஆளை நான் ஏத்திட்டுப் போயிருக்கேன் மேடம். வண்டியில சைரன் போட வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, அவர் கத்தலே போதுமா இருந்துச்சு."

"அக்கா பத்தடி தூரத்துல பேக்கிங் பண்ணிட்டிருந்தாங்க. சத்தமே கேக்கல. சிரிச்சுக்கிட்டே வந்து காப்பியைக் கிண்டல் பண்ணியிருக்கார்." மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க ஒரு கையில மட்டும் கையுறை போடுவாங்களா?"

"ஆமா, பாறைப் பெட்டி பிரிக்கறப்போ அப்படித்தான். கையுறைக்கு வெளியில பவுடர் ஒட்டியிருக்கும், தண்ணியில கலந்தா பவளம் சுருங்கிடும். அதனால இடது கையில கையுறை, பெட்டியைப் பிடிக்க. வலது கை வெறுங்கை, பாறையைத் தூக்க. நானும் அப்படித்தான் பழகினேன்."

"உங்க பவளத்தோட உடம்பு மேல இருக்கற அக்கறை உங்க ஆளு கை மேல இல்ல," என்றேன். முதலாளி என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலிலேயே தயங்கி நின்ற அக்காவை மேடம் உள்ளே கூப்பிட்டார். "பாறைக்குள்ள ஒளிஞ்சு ஏதாவது பூச்சி புழு வருமா?"

"எப்பவும் வரும். நண்டு, நத்தை, புழு. முதலாளி சாக்கடையில கொட்டச் சொல்லுவார்." அக்கா முதலாளியைப் பார்க்காமல் சொன்னார். "அவர் கொட்ட மாட்டார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவார். சின்னத் தொட்டி ஒண்ணு வச்சிருக்காராம். வீட்டுக்குப் போனா யாராவது இருக்கணும் இல்லையான்னு சொல்லுவார்."

"போற வரைக்கும் எங்க ஒளிச்சு வைப்பார்?"

"தெரியாதுங்க. யார் கண்ணுலயும் படாம எங்கேயோ வைப்பார்."

மேடம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தொட்டி வரிசையின் அடியில் முப்பது நாற்பது கண்ணாடி ஜாடிகள் அடுக்கியிருந்தன. மீன் தீனி, உப்பு, மருந்துப் பொடி. எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு மூடி. அவர் டார்ச் வெளிச்சத்தை வரிசையாக ஓட்டிக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தின ஜாடியில் வெளிச்சம் நின்றது.

அதற்குச் சிவப்பு மூடி இல்லை. வாயை ஒரு நீலக் கையுறையால் இழுத்து மூடி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதில் ஊசியால் குத்திய துளைகள் வரிசையாக இருந்தன.

"இன்னொண்ணு கிடைச்சுடுச்சு," என்றார் மேடம். "மூச்சு விட ஓட்டை போட்டிருக்கார். உள்ள இருக்கறது உயிரோட இருக்கணும்னு நினைச்சிருக்கார்."

நான் ஜாடியை மேஜைக்குத் தூக்கினேன். உள்ளே கால்பங்கு கடல் தண்ணீர், ஒரு வெறும் சங்கு, சங்கின் வாயில் சேற்று நிறத்தில் ஏதோ சின்னக் கொழகொழப்பு. என் சுண்டுவிரல்கூட அதைவிடப் பெரிசு.

"இதுக்குப் போய் இவ்வளவு பெரிய ஆள் விழுந்தாரா? பாவம், அதுவே பயந்துபோய்க் கிடக்கு," என்று கையுறையை உருவிவிட்டு விரலை உள்ளே விட்டேன்.

மேடத்தின் குடைக் காம்பு என் மணிக்கட்டில் விழுந்தது. நட்சத்திரம் தெரிந்தது. ஜாடி ஆடிய வேகத்தில் உள்ளே இருந்தது விழித்துக்கொண்டது. சேற்று நிறம் மஞ்சளாயிற்று. அந்த மஞ்சளில் நீல வளையங்கள், ஒன்று, ஐந்து, இருபது, பளிச் பளிச்சென்று எரிந்தன. சங்கிலிருந்து எட்டுக் கைகள் மெதுவாக வெளியே வந்தன.

"ஆக்டோபஸ் குட்டி," என்றார் முதலாளி, குரல் இறங்கிப்போய்.

"குட்டி இல்ல. இதோட முழு வளர்ச்சியே உள்ளங்கை அளவுதான்," என்றேன். விரலை அவசரமாகச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். "நீல வளைய ஆக்டோபஸ். ட்ரெயினிங்ல படம் காட்டியிருக்காங்க. கடிச்சா எறும்பு கடிச்ச அளவுகூடத் தெரியாது. ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் வெந்நீர்ல கையை விட்டிருப்பார். அப்புறம் உதடு மரக்கும். நாக்கு, கை, கால். கடைசியில மூச்சு விடற தசையும் நின்னுடும்."

"காப்பியில ஒண்ணுமே இல்லை," என்று மேடம் முதலாளியிடம் சொன்னார். "அவர் அடிச்சது ஜோக். அதைக் கேட்டுச் சிரிக்காம போலீஸுக்குப் போன முதல் ஆள் நீங்கதான்."

அக்கா ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையும் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கார்," என்றார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது அவருக்கு. "பாவி மனுஷன். பேச்சுத் துணைக்கு வேற ஆளே கிடைக்கலையா? நான் பத்தடி தூரத்துலதானே இருந்தேன்."

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "சைரன், இந்த விஷத்துக்கு மருந்து?"

"மாற்று மருந்து கிடையாது. ஆனா விஷம் தானா இறங்கிடும், ஒரு நாள் முன்னப் பின்ன. அதுவரைக்கும் மூச்சு மட்டும் குடுத்துட்டே இருந்தா ஆளு எழுந்துடுவார். இதுல இன்னொரு கொடுமை இருக்கு மேடம்." ஜாடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். "தசைதான் கட்டிப்போகும். மூளை கட்டாது. கண்மணிகூட அசையாம பிணம் மாதிரி கிடப்பாங்க. ஆனா எல்லாம் கேக்கும்."

மணி பன்னிரண்டு பத்து. ஜாடிக்கு வேறொரு ஜாடியின் சிவப்பு மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அரக்கப் பரக்க ஓடினோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் ஒரு நர்ஸ் பலகையோடு நின்றார். "நோயாளிக்கு என்ன உறவு?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். நாளைக்கு நான் இப்படிப் படுத்தால் நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் அலுவலகத்தின் போன் நம்பரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

"இவங்க பதினாலு நிமிஷம் அவருக்கு மூச்சா இருந்தாங்க," என்றார் மேடம். "அதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இருந்தா நிரப்பிக்கோங்க."

நர்ஸ் பலகையைத் தாழ்த்தினார். உள்ளே போனோம்.

தண்ணிக்காரர் ஒல்லியாக, நீளமாகக் கிடந்தார். மெஷின் ஏற்றி இறக்கிய மூச்சைத் தவிர அவரிடம் வேறு அசைவு இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அறுபது வயதில் இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் நின்றார். கையில் பேனா. டாக்டர் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் மேடம். ஜாடியைக் காட்டி விஷயத்தை ஐந்து வாக்கியத்தில் சொன்னார்.

டாக்டர் நல்லவர். இரவெல்லாம் தூங்காத முகம். "காப்பியில விஷம்னு சொல்லித்தான் கொண்டுவந்தாங்க. நாங்க அந்தக் கோணத்துலயே பார்த்துட்டோம். நீங்க சொல்றது இருக்கலாம். ஆனா கண்மணி வெளிச்சத்துக்கு அசையலையே. உணர்வு இருக்குன்னு எப்படி நம்பறது?"

மேடம் கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தார். நாடித் துடிப்பை மணிக்கு மணி குறித்த அட்டை. இன்ஷூரன்ஸ் காலத்தில் பழகிய விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எழுபத்திரண்டு. எழுபது. எழுபத்தொன்று.

"சிஸ்டர், காலையில ஆறேகாலுக்கு நூத்திப் பதினெட்டுன்னு தனியா எழுதி வட்டம் போட்டிருக்கீங்க."

"திடீர்னு அலாரம் அடிச்சுச்சு மேடம். பத்து நிமிஷத்துல தானா இறங்கிடுச்சு. மெஷின் கோளாறுன்னு நினைச்சோம்."

"பத்தரைக்கு மறுபடியும் நூத்தி இருபத்தாறு."

டாக்டர் முகம் வெளுத்தது. "பத்தரைக்கு இங்கேதான் நின்னு, மெஷினை எடுத்துடலாம்னு அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"அவர் தலைமாட்டுல நின்னா?"

டாக்டர் தலையசைத்தார். அடுத்த நொடி தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, விஷ ஆலோசனை மையத்துக்குப் போன் போட ஓடினார்.

மேடம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இது மெஷின் கோளாறு இல்லீங்க. உள்ள ஒரு மனுஷன் பத்தொன்பது மணி நேரமா முழிச்சுக்கிட்டுக் கிடக்கார். பத்தரைக்கு ஏன் பயந்தார்னு தெரிஞ்சுபோச்சு. ஆறேகாலுக்கு அவர் பக்கத்துல யார் இருந்தீங்க?"

"நான்தான்."

"என்ன சொன்னீங்க?"

அண்ணனின் கையிலிருந்து பேனா நழுவித் தரையில் உருண்டது. "அவனுக்குக் கேட்டிருக்குமா?" என்றார்.

"ஒரு வார்த்தை விடாம."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "எங்க அம்மா சாகறதுக்கு முன்னாடி இவனைப் பார்க்கணும்னு கேட்டா. மூணு நாள் கேட்டா. எனக்கும் இவனுக்கும் அப்ப பேச்சுவார்த்தை இல்ல. நான் ஆள் அனுப்பல. எல்லாம் முடிஞ்சப்புறம் இவன் வந்து நின்னான். 'அம்மா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா'ன்னு சொன்னேன். அன்னிக்குப் போனவன்தான். பதினாறு வருஷமா இவன் அதையே நம்பிட்டு இருந்தான். காலையில, இவன் போகப் போறான்னு... இனிமே யாருக்கும் கேக்காதுன்னு... உண்மையைச் சொல்லி அழுதேன்."

பதினாறு வருஷம் பெற்றவளே ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்து, நத்தைக்கும் நண்டுக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டு வாழ்ந்த ஆள். உண்மை தெரிந்த நேரத்தில் அழக்கூட ஒரு தசை அசையவில்லை. அந்த அண்ணனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அதே அண்ணன் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் தண்ணீர் கொடுக்கலாம் போலவும் இருந்தது. கடைசியில் தண்ணீர்தான் கொடுத்தேன்.

மேடம் கட்டிலருகே குனிந்தார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க சாகலை. மூளைக்கு ஒண்ணும் இல்லை. ஒரு சின்ன ஆக்டோபஸ் கடிச்சிருக்கு. விஷம் இறங்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க. மெஷினை யாரும் எடுக்க மாட்டாங்க. பேக்கிங் அக்கா இங்கேதான் இருக்காங்க."

திரையில் நாடி தொண்ணூறுக்கு ஏறியது. பிறகு மெதுவாக எழுபத்தைந்துக்கு இறங்கியது. அக்கா அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. இத்தனை பேர் பார்த்த கையில் அதை யாரும் பார்க்கவில்லை.

மாலை நாலரைக்குக் கண்ணிமை துடித்தது. ஆறு மணிக்குக் கட்டைவிரல் அக்காவின் உள்ளங்கையில் அழுந்தியது. அக்கா போட்ட கூச்சலில் மூன்று நர்ஸுகள் ஓடி வந்தார்கள். போலீஸ் ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலாளி இரண்டு கைக்கும் பவுடர் இல்லாத கையுறை வாங்குவதாக மேடத்திடம் சொன்னாராம். அந்த வெந்நீர் அட்டையைக் கிழித்தாரா என்று நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மறுநாள் பிற்பகல் நாங்கள் போனபோது தண்ணிக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையில் குழாய் இன்னும் இருந்ததால் பேச முடியவில்லை. நர்ஸ் ஒரு சிறிய எழுதுபலகை கொடுத்திருந்தார். அண்ணன் கதவருகிலேயே நின்றார். கட்டில் வரை வர அவருக்குத் தைரியம் இல்லை.

தண்ணிக்காரர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைப் பிடித்து, கோணல் கோணலாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

'அம்மா வேற என்ன சொன்னாங்க?'

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை அடங்கப் பார்த்து, அடங்காமலே பேசினார். "வேற ஒண்ணும் சொல்லலடா. உன் பேரைத்தான் சொல்லிட்டே இருந்தா. வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டா. வந்துட்டிருக்கான், பஸ்ஸுல வரான்னு நான் சொன்னேன். கதவையே பார்த்துட்டு இருந்தா."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணிக்காரர் பலகையை உள்ளங்கையால் அழித்தார். மறுபடி எழுதியதில் இரண்டே வார்த்தைகள்தான்.

'நாளைக்கு வா.'

அண்ணன் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு நர்ஸிடம் திரும்பி, "காலையில எத்தனை மணிக்கு உள்ள விடுவீங்க?" என்று கேட்டார்.